எடை மிஷினை ஓரங்கட்டிவிட்டுத் தொப்பையைக் கவனிக்கும் முறை

தையல்காரர் பிடிக்கும் இஞ்ச் டேப் ஒன்று போதும். திருப்பூர்ப் பக்கம் அது இல்லாத வீடே குறைவு. ஆனால் பேன்ட்டுக்கு அளவெடுக்கும் இடத்தில் வைத்தால் கணக்கு தப்பிவிடும். தொப்பை விழுந்த ஆண்கள் பேன்ட்டை அதற்குக் கீழே இறக்கிப் போடுவதால்தான் பதினைந்து வருஷமாக ‘34 சைஸ்தான்’ என்று சொல்லிக்கொள்ள முடிகிறது.

காலையில் வெறும் வயிற்றில், சட்டையில்லாமல் நேராக நில்லுங்கள். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவே பேனாவால் ஒரு கோடு போடுங்கள். டேப் அந்தக் கோட்டின் மேல் சமமட்டமாகச் சுற்றி வரவேண்டும். முதுகுப்பக்கம் நழுவி இறங்குவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு, கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். தோலில் படியட்டும், அழுத்த வேண்டாம். மூச்சைச் சாதாரணமாக விட்டு முடிக்கையில் அளவைப் படியுங்கள். வயிற்றை எக்கிப் பிடித்தால் டேப் ஏமாறாது, ஏமாறுவது நாம்தான்.

ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்ணுக்கு 80-க்குள் இருக்க வேண்டும். இன்னொரு கணக்கு: உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

ஒல்லியானவர்களும் அளக்க வேண்டும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த யுட்கினும் தங்களையே ஒப்பிட்டு 2004-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் உடல் நிறை குறியீடு (பி.எம்.ஐ.) இருவருக்கும் 22.3. உடலில் கொழுப்பு மட்டும் பிரிட்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதன் செல்கள் உப்பும்போது நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கே கூடி அழற்சிப் (உள்வீக்கம்) பொருட்களைச் சுரக்கின்றன. சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள் என்று சொல்லும் இன்சுலினின் பேச்சு தசையில் எடுபடாமல் போக அதுவும் ஒரு காரணம்.

இந்த அழற்சியைக் காட்டுவது எச்.எஸ்.சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் நல்லது, 3-க்கு மேல் கவலை. சளி, ஈறு வீக்கம், காலில் புண் எது இருந்தாலும் எகிறிவிடும். 10-ஐத் தாண்டினால் தொற்று இருக்கிறதா என்று பார்த்து, குணமாகி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். எங்களைக் கேட்டால் முதல் செலவு இதற்கு வேண்டாம். பிரஷர், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. (5.7 சதவீதத்துக்குக் கீழ்), ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு (150-க்குக் கீழ்) மூன்றையும் முதலில் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்.பி.ஏ.1.சி. கூடுதலாகக் காட்டலாம், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டை அடியோடு மாற்ற வேண்டியதில்லை, விகிதத்தை மாற்றினால் போதும். அரிசிம்பருப்புச் சோற்றுக்குப் பெரும்பாலும் மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்புப் போடுகிறோம். அதை ஒன்றுக்கு ஒன்றாக்குங்கள். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, வழக்கத்தைவிட அரை டம்ளர் தண்ணீர் கூட விடுங்கள், இல்லாவிட்டால் பருப்பு நறுக்கென்று நிற்கும். சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாகப் போடலாம், எண்ணெய் நாலு பேருக்கு மூன்று டீஸ்பூன் போதும். தட்டில் பாதி பொரியலுக்கு.

‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பார்கள். காலையில் கொள்ளுத் தண்ணீர் குடித்தால் கொழுப்பு கரைந்துவிடாது. 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம். கொள்ளுப்பருப்பைக் கடைந்து ஒரு கிண்ணம் சாப்பிட்டு, அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்தால்தான் பலன். கம்மஞ்சோறும் ராகிக்களியும் மாவுச்சத்துதான், உருண்டை அளவோடு நிற்கட்டும். அதற்குப் பேர்போன கவுந்தப்பாடியிலிருந்தே வந்தாலும் நாட்டுச் சர்க்கரை சர்க்கரைதான். நாலு மணி டீயோடு வரும் பஃப்ஸுக்குப் பதில் ஒரு கைப்பிடி அவித்த நிலக்கடலை.

சாப்பிட்டு எழுந்ததும் 10 அல்லது 15 நிமிஷம் நடை. ரத்தத்தில் அப்போது ஏறும் சர்க்கரையைத் தசை இழுத்துக்கொள்ளும். வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பத்துப் பத்தாக மூன்று தடவை. முழங்கால் வலித்தால் உயரமான நாற்காலி.

கல்யாணத்துக்குள் பத்துக் கிலோ குறைக்கிறேன் என்று பட்டினி கிடப்பவர்களுக்குக் கொழுப்போடு தசையும் போகும். வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் சேரவும் கூடும். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வேளை தவறினால் மயங்கி விழலாம், டோஸைப் பற்றி டாக்டரிடம் கேட்காமல் சோற்றைக் குறைக்காதீர்கள்.

சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள் நடையையும் உணவையும் திருத்தியதில், எடையில் பெரிய மாற்றமில்லாமலே நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. ஆகவே ‘இளைக்கவே இல்லையே’ என்று சொந்தக்காரர்கள் சொன்னால் காதில் வாங்காதீர்கள். நாலு வாரத்துக்கு ஒருமுறை, எலும்பைத் தொட்டுப் பார்த்து அதே இடத்தில் டேப் வையுங்கள். மாதவிடாய் நாட்களில் வயிறு உப்பியிருக்கும். ஒரு வாரம் தள்ளி அளந்துகொள்ளலாம்.