டிக்கிக்குள் ஊஃபர் பெட்டியை எந்தப் பக்கம் திருப்புவது?

நான் ஹட்டனில் ஹயர் ஓடுகிறவன். வண்டி ஒரு பழைய கொரோலா 121. மூன்று வருடத்துக்கு முன் தீபாவளிக் காசில் 12 அங்குல சப் ஊஃபர் ஒன்றை, அதாவது பாட்டின் தாழ்ந்த சத்தத்தை மட்டும் போடுகிற ஸ்பீக்கரை, பெட்டியோடு வாங்கினேன். பூட்டித் தந்தவர் சீட்டிலிருந்து நாலு விரல் தள்ளி, பின்சீட்டைப் பார்த்த மாதிரி பெட்டியை வைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டார். "பாட்டு ஆளைப் பார்த்துத்தானே பாட வேண்டும்" என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது.

எங்கள் தோட்டத்து வரிசை வீடு, அந்த லயத்து வாசலில் வண்டியை நிறுத்திப் பாட்டுப் போட்டேன். உள்ளே உருமிச் சத்தம் தகரத்தைத் தட்டினது போல வந்தது. வெளியே நின்ற அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "ஏன்டா, வெளிய நிக்கிற எனக்கு இந்த இடி இடிக்குது, உள்ள இருக்கிற ஒனக்கு ஒன்னுமே கேக்கலயா?"

பிறகுதான் காரணம் விளங்கியது. பேஸ் என்கிற அந்தத் தாழ்ந்த சத்தம் ஊஃபர் பார்க்கிற பக்கம் மட்டும் போகிற ஒன்றல்ல. டிக்கி முழுக்கப் பரவும். பின்பக்கமாகப் போகிற சத்தம் வண்டியின் பின் லைட் பக்கத்துச் சுவரில் மோதித் திரும்பி வரும். என் பெட்டியில், ஊஃபரின் அதிர்கிற கூம்பிலிருந்து அந்தச் சுவருக்கு 95 சென்டிமீட்டர். போய்த் திரும்ப 1.9 மீட்டர். 90 ஹேர்ட்ஸ், அதாவது நொடிக்கு 90 தடவை அதிர்கிற சத்தத்தின் ஓர் அலை கிட்டத்தட்ட 3.8 மீட்டர் நீளம், ஆகவே திரும்பி வருவது சரியாகப் பாதி அலை பிந்தி வருகிறது. முதல் அலை மேலே ஏறும்போது இது கீழே இறங்கும், ஒன்றை ஒன்று தின்றுவிடும். டோர் ஸ்பீக்கர்கள் வேலையை ஊஃபரிடம் விடுகிற இடமும் பெரும்பாலும் 80 ஹேர்ட்ஸ் பக்கம்தான். உருமியின் கனம் அங்கேதான் காணாமல் போனது.

பெட்டியின் முதுகைப் பின்சீட்டோடு ஒட்டி, கூம்பைப் பின்பக்கம் திருப்பினேன். சுவருக்குத் தூரம் 60 சென்டிமீட்டராகக் குறைந்தது. இப்போது சத்தம் தின்னப்படுகிற இடம் 140 ஹேர்ட்ஸுக்கு மேலே போய்விட்டது. ஊஃபர் அங்கே பாடுவதே இல்லையே! இன்னும் பின்னால் தள்ளி, கூம்பு சுவருக்கு ஓரடி தூரத்தில் நின்றால் இந்தத் தொல்லை இன்னும் தள்ளிப் போகும். ஆனால் 20 கிலோவுக்கு மேல் கனமான பெட்டியை வாலில் வைத்துக்கொண்டு கினிகத்தேனை வளைவுகளில் ஏறி இறங்க எனக்கு மனமில்லை.

என் கணக்கு உங்கள் வண்டிக்கு அப்படியே பொருந்தாது. ஆகவே ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் கேட்டுப் பாருங்கள். வயரை நீளமாக விட்டு, பெட்டியைச் சும்மா வையுங்கள். பின்னால் பார்த்து ஒரு தடவை, மேலே பார்த்து ஒரு தடவை, ஒரு மூலையில் தள்ளி ஒரு தடவை. மாற்றி வைக்க ஒரு தம்பியைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் டிரைவர் சீட்டை விட்டு இறங்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் டிக்கி மூடியிருக்க வேண்டும், கண்ணாடி ஏற்றியிருக்க வேண்டும், வால்யூம் கை படாமல் இருக்க வேண்டும். டிக்கியைத் திறந்து வைத்துக் கேட்கிற சத்தம் வேறு வண்டியின் சத்தம். போனில் 40, 60, 80 ஹேர்ட்ஸ் டோன் போடுகிற ஆப் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டுப் போதும்.

இடம் பிடித்த பிறகு, செட்டை நிறுத்திவிட்டு ஊஃபரின் இரண்டு வயரையும் மாற்றிப் பூட்டி மறுபடி கேளுங்கள். 80 ஹேர்ட்ஸில் எது கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை, செய்கிறவர்கள் குறைவு.

வேகன் ஆர், ஆல்ட்டோ மாதிரி வண்டிகளில் டிக்கிக்கும் ஆளுக்கும் நடுவே அடைப்பு இல்லை என்பதால் தலைவலி குறைவு. பின்கதவை ஒட்டி வைத்து மேலே அல்லது பின்னால் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எனக்கு அடுத்த பிரச்சினை பை. டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாத மலை சீசன். நல்லதண்ணிக்குப் போகிறவர்கள் கம்பளி, பாய், சாப்பாட்டு மூட்டை என்று டிக்கியை நிரப்புவார்கள். கூம்பின் முன்னால் ஒரு சாணாவது வெறுமையாக இருக்க வேண்டும். ஆகவே ஊஃபருக்கு இரும்பு கிரில் போட்டு, அதற்கு முன்னால் குறுக்கே ஒரு மரச்சட்டமும் அடித்தேன். ஸ்டெப்னி டயரை எடுக்கப் பெட்டியைக் கழற்ற வேண்டியிருந்தால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள். ராம்பொடை மழையில் டயர் போனால் தெரியும்.

பெட்டியைக் கட்டாயம் எல் பிராக்கெட்டால் தரையோடு இறுக்குங்கள், கட்டாத பெட்டி பிரேக் அடித்தால் சீட்டை உடைத்துக்கொண்டு வரும். துளை போடுவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். பெட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும். அப்புறம் நம் பக்கத்து ஈரம்: மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை மூடுபனியில் ஊதிவிடும். பெட்டியின் அடியிலும் வெட்டு விளிம்பிலும் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்து, ரப்பர் துண்டு வைத்துக் கொஞ்சம் உயர்த்திவிடுங்கள்.

எல்லாம் முடிந்து மறுபடி லயத்து வாசலுக்குப் போனேன். உள்ளே உருமி உருமியாகவே கேட்டது. அம்மா வெளியே வந்து சொன்னார்: "இப்ப பின்னால என்னமோ தகரம் கெடந்து ஆடுதேடா." நம்பர் பிளேட். பழைய சைக்கிள் டியூபை வெட்டி அதன் பின்னால் ஒட்டினேன்.