ஐஆர்என் வராமல் நின்ற பில்கள்

மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடை. ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் போனதால் இ-இன்வாய்ஸ் கட்டாயம்; அதாவது மற்ற வணிகர்களுக்குப் போடும் பில்லை அரசின் இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் பதிந்து, ஐஆர்என் என்ற பதிவு எண் வாங்க வேண்டும். பில் போடும் மென்பொருளில் 'லாகின் தவறு' என்றே வந்தது. போர்ட்டல் பாஸ்வேர்டு அங்கே செல்லாது. போர்ட்டலில் ஏபிஐ (மென்பொருள் இணைப்பு) பதிவுக்குள் போய், நம் மென்பொருளுக்கான ஜிஎஸ்பியை (போர்ட்டலோடு இணைத்துத் தரும் நிறுவனத்தை) தேர்ந்து, தனி யூசர் உருவாக்கி அதைப் போட்டதும் இணைப்பு கிடைத்தது.

அடுத்து குமுளி பார்ட்டி பில் மட்டும் திரும்பியது. மாநிலமும் பின்கோடும் பொருந்தவில்லை. மாநிலம் கேரளா, அதன் குறியீடு 32. பின்கோடோ 625516, கம்பம் லாரி ஆபீஸுடையது! குமுளியின் 685509 என, பார்ட்டி விலாசம் பதிந்திருக்கும் லெட்ஜரிலேயே மாற்றினேன். பில்லில் மட்டும் திருத்தினால் அடுத்த பில்லிலும் அதே தவறு வரும்.

பில் எண் 0, / அல்லது - இல் தொடங்கக் கூடாது. 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். '/மது/0412' என்பதில் முன்னால் இருந்த '/' ஐயும் தமிழ் எழுத்தையும் நீக்கி, ஆங்கில எழுத்தில் தொடங்குமாறு மாற்றினோம்.

மிக முக்கியம் 2150 பிழை. அந்த பில் எண்ணுக்கு ஐஆர்என் ஏற்கெனவே உருவாகிவிட்டது என்று பொருள். எங்களுக்கு நெட் அறுந்த நேரத்தில் அது போர்ட்டலில் உருவாகி, நம்மிடம் வந்து சேரவில்லை. பதறிப்போய் புது பில் எண் போடாதீர்கள். ஒரே சரக்குக்கு இரண்டு பில் ஆகிவிடும். பில் எண், தேதி கொடுத்து அன்றைக்கே அந்த ஐஆர்என்னை இறக்கிக்கொள்ளுங்கள். ஐஆர்என்னை ரத்து செய்ய, அது உருவானதிலிருந்து 24 மணி நேரம்தான். ரத்தான பில் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது.