எஞ்சினை நம்பாதீர்கள்: அயர்லாந்தின் மறைந்த ரயில் பாதைகளின் பழைய படங்களை இனம்காண்பதில் வரும் தவறுகள்

ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். சின்ன நீராவி எஞ்சின், இரண்டு பெட்டிகள், நடைமேடையில் தொப்பி போட்ட ஒருவர், பின்னால் மொட்டைக் குன்று. படத்தின் பின்பக்கம் பென்சிலில் 'கெல்ஸ்' என்று எழுதியிருக்கிறது. அயர்லாந்து என்பதில் சந்தேகமில்லை. ஊர்ப்பெயரும் கிடைத்துவிட்டது. அப்புறம் என்ன?

அயர்லாந்தில் கெல்ஸ் என்ற பெயரில் ஒன்றுக்கு மூன்று நிலையங்கள் இருந்தன. மீத் கவுன்டியில் (மாவட்டத்தில்) நவன்–ஓல்ட்காஸில் கிளைப்பாதையில் ஒன்று. கெர்ரியில், கடலுக்கு மேலே மலைச்சரிவில் ஓடிய வாலன்ஷியா துறைமுகப் பாதையில் ஒன்று. வடக்கே ஆன்ட்ரிமில், பாலிமீனா–லார்ன் குறும்பாதையில் (தண்டவாள அகலம் குறைந்த பாதையில்) இன்னொன்று. மூன்றும் இன்று இல்லை. மூன்றில் மீத்தின் கெல்ஸ்தான் பெயர் பெற்ற ஊர் என்பதால், யோசிக்காமல் அதன் பெயரில் கோப்பில் சேர்த்துவிட்டேன். பின்னால் தெரிந்த குன்றைப் பார்க்கவே இல்லை. மேய்ச்சல் நிலம் விரிந்து கிடக்கும் மீத்தில் அப்படியொரு மலை எங்கிருந்து வரும்?

இந்தப் பொழுதுபோக்கில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் இதுதான். படத்தில் கண்ணைப் பறிக்கும் பொருள்கள் எல்லாம் நகரக்கூடியவை: எஞ்சின், பெட்டி, பெயர்ப்பலகை, பின்பக்க எழுத்து. நகராதவை நம் கண்ணில் படுவதில்லை: குன்றின் விளிம்பு, பாலத்தின் வளைவுகள், நிழல் விழும் திசை. 1920 வாக்கில் அந்தத் தீவில் சுமார் 5,500 கிலோமீட்டர் ரயில் பாதை இருந்தது. இன்று ஓடுவது அதில் பாதிகூட இல்லை. போனவற்றில் நிறைய, ஒன்றைப்போலவே இன்னொன்று தோன்றும் கிராமத்துக் கிளைப்பாதைகள். குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எஞ்சினில் இருந்து தொடங்கலாம், அதிகம் ஏமாற்றுவது அதுதான். "இது ட்ராலி–டிங்கிள் எஞ்சின், ஆகவே படம் கெர்ரி" என்று சொல்பவர்கள் உண்டு. எஞ்சினைச் சரியாகத்தான் அடையாளம் கண்டிருப்பார்கள், இடம்தான் தவறு. 1925-இல் சுதந்திர அரசின் (நாடு பிரிந்தபோது தெற்கே உருவான அயர்லாந்தின்) எல்லைக்குள் இருந்த ரயில் கம்பெனிகள் எல்லாம் கிரேட் சதர்ன் ரயில்வேஸ் என்ற ஒரே நிறுவனமாயின. அதன் பிறகு ஒரு குறும்பாதை மூடினால், அங்கிருந்த நல்ல எஞ்சின்கள் வேறு குறும்பாதைக்குப் போயின. போய்ச் சேர்ந்த முக்கிய இடம் கேவன்–லீட்ரிம் பாதை. அரிக்னா சுரங்கத்து நிலக்கரியை இழுக்கும் வேலை இருந்ததால் அது 1959 வரை தாக்குப்பிடித்தது. கார்க் நகரின் பாஸேஜ் பாதை 1932-இல் மூடியதும், அதன் நான்கு எஞ்சின்களும் 1934-இல் அங்கே வந்தன. ட்ராலி–டிங்கிள் எஞ்சின்களில் சிலவும் பிறகு வந்து சேர்ந்தன. ஆகவே அந்தப் பாதையின் பாலினமோர் நிலையத்தில் எடுத்த ஒரே படத்தில் கெர்ரி எஞ்சினும் கார்க் எஞ்சினும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம்.

எண்ணை வைத்துத் தப்பிக்கலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். கிரேட் சதர்ன் நிறுவனம் குறும்பாதை எஞ்சின்களின் எண்ணுக்குப் பின்னால் பாதையைக் குறிக்கும் ஓர் எழுத்தைச் சேர்த்தது: ட்ராலிக்கு டி (T), லீட்ரிமுக்கு எல், பாஸேஜுக்கு பி. கார்க்கிலிருந்து வந்தவற்றின் எண்ணை மாற்றி 10எல், 11எல், 12எல், 13எல் என்று எழுதினார்கள். ட்ராலியிலிருந்து வந்த 3டி, 5டி போன்றவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆக, 'எல்' என்று பார்த்தால் லீட்ரிம் என்று தைரியமாகச் சொல்லலாம். 'டி' என்று பார்த்து ட்ராலி என்று சொல்ல முடியாது. அந்த 5டி போன தூரம் கொஞ்சமல்ல. லீட்ரிம் பாதை மூடியதும் கப்பலேறி அமெரிக்காவின் வெர்மான்ட் போய், 1986-இல் அயர்லாந்துக்கே திரும்பி வந்தது.

எஞ்சினின் பெயர்ப்பட்டையை ஊர்ப்பெயராகப் படிப்பது இதன் தம்பித் தவறு. டோனகல் குறும்பாதையில் 'கிளென்டீஸ்', 'கில்லிபெக்ஸ்' என்ற பெயர்களில் எஞ்சின்கள் இருந்தன. இரண்டும் அந்தப் பாதையிலேயே இருந்த ஊர்கள். 'கில்லிபெக்ஸ்' எஞ்சின் ஸ்ட்ரபேனில் நின்றுகொண்டிருக்கலாம், யார் கேட்பது? ஆனால் ஒரு நன்மை உண்டு. 1937-இல் அங்கே எண்களை மாற்றியபோது சில பெயர்களையும் மாற்றினார்கள். 17 'கிளென்டீஸ்' அப்போதுதான் 5 'டிரம்போ' ஆனது. பழைய பெயர் தெரிந்தால் படம் அதற்கு முந்தியது என்று சொல்லிவிடலாம். ஸ்லைகோவுக்கும் என்னிஸ்கில்லனுக்கும் இடையே ஓடிய சின்னக் கம்பெனியோ எஞ்சின்களுக்கு எண்ணே தரவில்லை, பெயர் மட்டும்தான். 'என்னிஸ்கில்லன்' எஞ்சின் ஸ்லைகோவில் நிற்கும், 'லாக் கில்' எஞ்சின் என்னிஸ்கில்லனில் நிற்கும்.

தனி எஞ்சின் இல்லாமல் தானே ஓடும் பெட்டிகளான டீசல் ரயில்கார்களும் இப்படித்தான். க்ளாஹர் வேலி பாதைக்காக 1932-இல் செய்த ரயில்கார், அந்தப் பாதை 1941 இறுதியில் மூடியதும் டோனகலுக்குப் போய் 10-ஆம் எண்ணோடு ஓடியது.

சரி, தண்டவாளத்தைப் பார்ப்போம். அயர்லாந்தின் பெரிய பாதைகளின் அகலம் 5 அடி 3 அங்குலம், குறும்பாதைகள் 3 அடி. கேட்பதற்குச் சுலபம்; கேமராவை எந்தக் கோணத்தில் வைத்தார்கள் என்பதைப் பொறுத்து 5 அடி 3 அங்குலமும் ஒடுங்கித் தெரியும். கண்ணால் அளக்காமல் வண்டியின் முகப்பைப் பாருங்கள். இரு பக்கமும் இரண்டு இடிதாங்கிகள் (வண்டிகள் முட்டும்போது அதிர்ச்சியைத் தாங்கும் பஃபர்கள்) இருந்தால் பெரிய பாதை. நடுவில் ஒன்றே ஒன்று இருந்தால் பெரும்பாலும் குறும்பாதை. எஞ்சினின் முன்னால் மாடு தள்ளும் கம்பிச்சட்டம் இருந்தால் உடனே அமெரிக்கா என்று முடிவுகட்டவும் வேண்டாம். சாலையோரமாகவே ஓடிய ட்ராலி–டிங்கிள் எஞ்சின்களுக்கும் அது இருந்தது.

அகலம் உறுதியானாலும் 'குறும்பாதை நிலையம் என்றால் எப்போதும் குறும்பாதைதான்' என்று நினைத்துவிடக் கூடாது. டெர்ரியிலிருந்து புறப்பட்ட லாக் ஸ்விலி பாதை முதலில் 5 அடி 3 அங்குலத்தில் தொடங்கி 1885-இல் 3 அடிக்கு மாறியது. ஸ்ட்ரபேன்–ஸ்ட்ரனோர்லர் பாதை 1894-இல் மாறியது, கார்க் பாஸேஜ் பாதை 1900-இல். ஸ்ட்ரனோர்லரில் இரட்டை இடிதாங்கி வண்டி நிற்கிறதென்றால் தலைப்பு தவறு என்று தூக்கிப் போடாதீர்கள். 1894-க்கு முந்திய அரிய படம் கையில் இருக்கலாம்.

பெயர்ப்பலகை தெளிவாகத் தெரியும் படம் கிடைத்தால் மனசு குளிர்ந்துவிடும். அப்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். முதலாவது, ஜங்ஷன் என்றால் அந்த ஊர் அல்ல, அந்த ஊருக்குப் பிரியும் இடம். லிமெரிக் ஜங்ஷன் இருப்பது டிப்பரரி கவுன்டியில். பன்டோரன் ஜங்ஷன் டைரோனில் இருந்தது. கடலோரப் பன்டோரனோ அங்கிருந்து 35 மைல் தள்ளி டோனகலில். பின்னணியில் கடலைத் தேடி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, பெயர்கள் மாறின. கிங்ஸ்டவுன் 1920-இல் டன் லேரி ஆனது, குவீன்ஸ்டவுன் கோவ் ஆனது, மேரிபரோ போர்ட்லீஷ் ஆனது. 1966-இல், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து 1916-இல் நடந்த ஈஸ்டர் எழுச்சியின் ஐம்பதாம் ஆண்டில், பெரிய நிலையங்களுக்கு அந்த எழுச்சியில் உயிர்கொடுத்தவர்களின் பெயர்களை வைத்தார்கள். டப்ளினின் கிங்ஸ்பிரிட்ஜ் ஹூஸ்டன் ஆனது, ஆமியன்ஸ் ஸ்ட்ரீட் கானலி ஆனது, வெஸ்ட்லண்ட் ரோ பியர்ஸ் ஆனது. 1930-களில் எடுத்த படத்துக்கு 'ஹூஸ்டன் நிலையம்' என்று தலைப்பு இருந்தால், தலைப்பை எழுதியவர் படம் எடுத்தவர் அல்ல, பின்னால் வந்த யாரோ என்று புரிந்துகொள்ளலாம். அவர் சொல்லும் ஆண்டையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை.

பலகையில் ஐரிஷ் மொழியும் இருந்தால் படம் நாடு பிரிந்த பிறகு, தெற்கில் எடுத்தது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். ஆனால் ஆங்கிலம் மட்டும் இருந்தால் வடக்கு என்று திருப்பிப் போட முடியாது. பழைய பலகைகள் எல்லா இடத்திலும் ஒரே நாளில் மாறவில்லை. இன்னொரு வேடிக்கை: கால்வே கவுன்டியின் பாலிக்ளூனின் நிலையத்தை 1951-இல் ஒரு ஹாலிவுட் படப்பிடிப்புக்காக 'காஸில்டவுன்' ஆக்கினார்கள். அந்தப் பெயரை ரயில் அட்டவணையில் தேடினால் தலைதான் சுற்றும்.

படத்தலைப்பில் 'டெர்ரி' என்று மட்டும் இருந்தால் அது விடை அல்ல, கேள்வி. அந்த ஒரு நகரத்தில் நான்கு முனையங்கள் இருந்தன: ஆற்றின் மேற்குக் கரையில் ஃபாயில் ரோடும் கிரேவிங் டாக்கும், கிழக்குக் கரையில் வாட்டர்சைடும் விக்டோரியா ரோடும். கார்க்கில் இன்னும் மோசம். ஆல்பர்ட் கீ, ஆல்பர்ட் ஸ்ட்ரீட் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நிலையங்கள். முந்தையது பெரிய பாதை, பிந்தையது 1900-க்குப் பின் குறும்பாதை. கார்க் தெருக்களின் நடுவே சரக்கு ரயில் ஊர்ந்து போகும் படத்தை டிராம் என்று போட்டுவிடுவதும் உண்டு. அது இரண்டு நிலையங்களை இணைக்க 1912-இல் திறந்த நகர இணைப்புப் பாதை. 1976 வரை ஓடியது.

காலத்தைக் கணிப்பதில் மூடிய தேதியை மட்டும் பிடித்துக்கொள்வது பெரிய பொறி. ட்ராலி–டிங்கிளில் பயணிகள் ரயில் 1939-இல் நின்றது. சரக்கு 1947 வரை ஓடியது. அதற்கப்புறமும் டிங்கிள் மாட்டுச் சந்தைக்காக மாதம் ஒருமுறை மாட்டு ரயில், 1953 வரை. ரயில் பைத்தியங்கள் கேமராவோடு போய்க் குவிந்தது அந்தக் கடைசி ஆண்டுகளில்தான். எனவே அந்தப் பாதையின் தெளிவான படம் கையில் கிடைத்தால், வண்டியில் மாடு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். லெட்டர்கென்னி–பர்டன்போர்ட் பாதை 1940-இல் மூடி, போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் க்வீடோர் வரை மறுபடி உயிர்பெற்று, 1947-இல்தான் அடங்கியது. மூடியது ஒரு நாளில் நடக்கும் காரியம் அல்ல.

அஞ்சலட்டை என்றால் தபால் முத்திரைத் தேதியைப் படம் எடுத்த தேதியாக எடுத்துக்கொள்கிறார்கள். அது அட்டை போட்ட தேதி, அவ்வளவுதான். டப்ளினின் லாரன்ஸ் நிறுவனத்துக்காக ராபர்ட் ஃபிரெஞ்ச் ஊர் ஊராகப் போய் எடுத்த கண்ணாடித் தகடுகள் இன்று அயர்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. விற்கும் காட்சியை வருடக்கணக்கில் விற்றார்கள். முத்திரை தருவது 'இதற்குப் பிந்தியது அல்ல' என்ற ஒரு எல்லையை மட்டும். வண்ணம் தீட்டிய அட்டையில் பெட்டியின் நிறத்தைப் பார்த்துக் கம்பெனியைச் சொல்வது இன்னும் வீண். தீட்டியவர் அந்த ரயிலைப் பார்த்ததே இல்லாமல் இருக்கலாம்.

பெட்டியில் எழுதிய கம்பெனிச் சின்னம் பரவாயில்லை, ஆனால் ஒரு பக்கத்துக்கு மட்டும் சாட்சி. 1945-இல் பிறந்த சிஐஇ என்ற அயர்லாந்துப் போக்குவரத்து நிறுவனத்தின் சின்னத்துக்கு மக்கள் வைத்த பெயர் 'பறக்கும் நத்தை'. நத்தை தெரிந்தால் 1945-க்குப் பின். நத்தை இல்லை என்பதால் 1945-க்கு முன் ஆகிவிடாது. பெயின்ட் அடிக்க ஆள் வரும்வரை பழைய எழுத்து அப்படியே கிடந்தது.

எதுவும் பொருந்தாமல் திணறினால், படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடித் தகட்டையும் ஸ்லைடையும் புரட்டி வைப்பது மிகச் சாதாரணம். எழுத்து இருந்தால் தெரிந்துவிடும். இல்லையென்றால் ஆண்களின் கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள், போட்டிருப்பவரின் இடப்பக்கத் துணிதான் மேலே இருக்க வேண்டும். இரட்டைப் பாதை என்றால் அங்கே ரயில்கள் இடப்பக்கமாக ஓடும்.

கடைசியில் நிழலும் வரைபடமும். அயர்லாந்தில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே, நிழல் வடக்கே. கோடையின் விடியலிலும் அந்தியிலும் மட்டும் சூரியன் வடக்கே ஒதுங்கியிருக்கும். நிழலை வைத்துத் தண்டவாளம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று தோராயமாகக் கண்டுபிடித்து, அரசின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடத்தோடு ஒப்பிடலாம். இதிலும் ஒரு தவறு செய்வார்கள்: 1830-களில் தொடங்கிய முதல் ஆறு அங்குல (ஒரு மைல் நிலத்தை ஆறு அங்குலத்தில் காட்டும்) வரைபடத்தைத் திறந்துவிட்டு 'இங்கே ரயிலே இல்லையே' என்பார்கள். அப்போது பெரும்பாலான பாதைகள் போடப்படவே இல்லை. பார்க்க வேண்டியது 1888-க்கும் 1913-க்கும் இடையே வந்த 25 அங்குல வரைபடம். பக்கத்தடம், சிக்னல் அறை, சரக்குக் கொட்டகை என்று ஒவ்வொன்றும் அதில் இருக்கும். நடைமேடைக்கு எதிர்ப்பக்கம் கொட்டகை என்று படம் சொல்லி, அதே பக்கம் என்று வரைபடம் சொன்னால், எனக்குப் பிடித்த விடையாக இருந்தாலும் அதைக் கைவிட்டுவிடுவேன்.

அந்த கெல்ஸ் படத்தை இப்படித்தான் மறுபடி பார்த்தேன். வண்டியில் இரட்டை இடிதாங்கி, ஆகவே ஆன்ட்ரிம் இல்லை. பின்னால் மலை, ஆகவே மீத் இல்லை. மிச்சம் கெர்ரி. பழைய பென்சில் எழுத்தை அழிக்கவில்லை. அதன் கீழே, அதே போலப் பென்சிலில், 'கெர்ரியின் கெல்ஸ். மலையையும் இடிதாங்கியையும் வைத்து. கொட்டகையை வரைபடத்தில் இன்னும் பார்க்கவில்லை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.