"எப்ப முடியுதோ அப்ப கொண்டு வாப்பா": ஏடிஎச்டி மாணவர்களிடம் நாம் செய்யும் தவறுகள்

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் எங்கள் துறைக்குப் புதிய உதவிப் பேராசிரியர்கள் வருகிறார்கள். வந்த வாரமே மென்டர் ஃபைல், அதாவது அவர்கள் வழிகாட்ட வேண்டிய மாணவர்களின் விவரக் கோப்பு, கைக்கு வந்துவிடும். பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு) உண்டு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அறுபது பேர் உள்ள வகுப்பில் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். அந்த மாணவரை வைத்துக்கொண்டு புதியவர்கள் செய்கிற தவறுகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இல்லை. எங்கள் தலைமுறை வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்தவையும் இவைதான்.

திட்டக்கூடாது, சோம்பேறி என்று சொல்லக்கூடாது என்பதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும். அதற்குள் நான் போகவில்லை. நல்ல மனதோடு செய்யப்படுகிற தவறுகளைத்தான் சொல்ல வருகிறேன்.

காலக்கெடுவை எடுத்துவிடுவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவழைக்கிற தவறு இது. செய்தவர் உதவி செய்துவிட்ட நிம்மதியோடு போய்விடுவார். அடி முழுவதும் மாணவன் மேல் விழும்.

மூன்றாம் ஆண்டு எலக்ட்ரானிக்ஸ் படித்த ஒரு பையன். ஏடிஎச்டி என்று மருத்துவர் உறுதி செய்திருந்தார். வீட்டிலும் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். லேபில் கெட்டிக்காரன். பக்கத்து டேபிளில் அவுட்புட் வரவில்லையென்றால் இவனைத்தான் கூப்பிடுவார்கள். பிரெட்போர்டைப் பார்த்ததுமே எந்த ஒயர் இடம் மாறியிருக்கிறது என்று சொல்லிவிடுவான். அப்சர்வேஷன் நோட்டில் ரீடிங்கெல்லாம் அன்றன்றே ஏறிவிடும். ரெக்கார்ட் நோட்டுதான் நகரவில்லை. இரண்டாவது முறை அவன் வெறுங்கையோடு வந்தபோது லேபுக்குப் பொறுப்பாக இருந்த புதிய ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். "உன் பிரச்சினை எனக்குத் தெரியும்ப்பா. டென்ஷன் ஆகாத. செமஸ்டர் முடியறதுக்குள்ள எப்ப முடியுதோ அப்ப கொண்டு வா."

அதற்கப்புறம் ஒரு எக்ஸ்பெரிமென்ட்கூட ரெக்கார்டில் ஏறவில்லை.

ஏன் என்று பார்க்க வேண்டும். ஏடிஎச்டி உள்ளவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது நன்றாகவே தெரியும். தெரிந்ததை உரிய நேரத்தில் தொடங்குவதில்தான் சிக்கல். தொலைவில் இருக்கிற பலனோ தண்டனையோ அவர்களை அசைப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி இதை எதிர்காலத்தைப் பார்ப்பதில் இருக்கிற கிட்டப்பார்வை என்று விளக்குவார். அடுத்த மணி நேரம் தெளிவாகத் தெரியும், அடுத்த மாதம் மங்கிவிடும். இப்படிப்பட்டவனிடம் 'செமஸ்டர் முடிவு' என்று சொன்னால், தேதியே சொல்லாததற்குச் சமம்.

ஐந்தாவது வாரத்தில், ஒரு மாலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை சனி ஞாயிறு முழுவதும் கேட்கிற வேலையாகிவிட்டது. எட்டாவது வாரத்தில் அதைத் தொடுவதற்கே பயம். அந்த ஆசிரியர் அன்பாகப் பேசியிருந்தார் அல்லவா, அதனாலேயே அவர் முகத்தைப் பார்க்க வெட்கம். லேப் இருக்கும் மாடிக்குப் போவதையே குறைத்துக்கொண்டான். பிராக்டிகல் தேர்வுக்கு முந்தின இரவு ஹாஸ்டலில் இரண்டு நண்பர்கள் கிராஃப் போட்டுக் கொடுக்க, இவன் விடிய விடிய எழுதியும் பாதி தாண்டவில்லை. கையெழுத்து வாங்கிய ரெக்கார்ட் இல்லாமல் தேர்வுக்கு உட்கார முடியாது என்று அவனுக்குத் தெரியும். காலையில் போனை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டான். ஆப்சென்ட், அரியர். அந்தப் பருவத்தில் கேம்பஸுக்கு வந்த கம்பெனி, நிலுவையில் அரியர் இருப்பவர்கள் விண்ணப்பிக்கவே கூடாது என்று போட்டிருந்தது. வகுப்பிலேயே அந்த லேபை நன்றாகச் செய்யத் தெரிந்தவன் அவன்.

அவனுக்குத் தேவைப்பட்டது பக்கத்தில் ஒரு தேதி, சின்னதாக ஒரு வேலை, நேரில் கேட்க ஒரு ஆள். லேப் முடிந்ததும் கடைசிப் பதினைந்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்து அன்றைய எக்ஸ்பெரிமென்டின் நோக்கம், உபகரணங்கள், சர்க்யூட் படம் மூன்றையும் ரெக்கார்டில் ஏற்றச் சொல்லுங்கள். மறுநாள் இடைவேளையில் ரீடிங் அட்டவணையும் கிராஃபும். முடித்ததற்கு அங்கேயே ஒரு கையெழுத்து. நீங்கள் உங்கள் பேப்பரைத் திருத்திக்கொண்டிருக்கலாம், அவன் எதிரே உட்கார்ந்து எழுதட்டும். வேலை செய்யும் இன்னொருவர் பக்கத்தில் இருந்தாலே இவர்களில் பலருக்குக் கை ஓடும்.

தேதி தவறினால் என்ன செய்வது என்று கேட்பார்கள். அன்றைக்கே அடுத்த தேதி கொடுங்கள், அதுவும் இன்னும் சின்ன வேலைக்கு. விளக்கம் கேட்டு நிற்க வைக்காதீர்கள். ஒரு வாரம் அவகாசம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் நடுவில் ஒரு நாள் நேரில் வந்து காட்டச் சொல்லுங்கள். அந்தச் சந்திப்பு இல்லாத அவகாசத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் ஒருவனுக்காகச் செய்ய நேரம் எங்கே இருக்கிறது என்று ஒரு இளம் ஆசிரியை என்னிடம் வாதாடினார். வாரத்துக்கு அரை மணிகூட ஆகாது. அரியர் விழுந்தபின் பெற்றோர், துறைத் தலைவர், தேர்வுப் பிரிவு என்று அலைவதற்கு ஆகும் நேரத்தை அவரும் அதே ஆண்டில் பார்த்துவிட்டார்.

ப்ளஸ் டூ மார்க்கைக் காட்டி மறுப்பது

"ப்ளஸ் டூல தொண்ணூறு பர்சென்ட் மேம். இவனுக்கு எப்படி ஏடிஎச்டி இருக்கும்?"

ப்ளஸ் டூ எப்படி நடக்கிறது என்று நமக்குத் தெரியும். விடியற்காலையில் அம்மா எழுப்பிவிடுவார், காபி வரும், பள்ளியில் தினம் ஒரு டெஸ்ட், மாலையில் ட்யூஷன், இரவு ஸ்டடி அவர். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருவர் பொறுப்பாக நின்றிருக்கிறார். கல்லூரி ஹாஸ்டலில் அத்தனை பேரும் ஒரே நாளில் இல்லாமல் போகிறார்கள். முதல் செமஸ்டரில் நான்கு பாடம் போவதற்கு இதுவே போதும். அறிவு குறைந்துவிடவில்லை, சுற்றி நின்று தாங்கியவர்கள் விலகிவிட்டார்கள், அவ்வளவுதான். மேலே சொன்ன பதினைந்து நிமிடமும் நேரில் ஒரு ஆளும் அந்த இடத்தைத்தான் நிரப்புகின்றன.

"கேம் மட்டும் மணிக்கணக்கா ஆடறான்ல?"

ஆடுவான். கேமில் ஒவ்வொரு நொடியும் பலன் கைக்கு வருகிறது. ரெக்கார்டில் அப்படி வருவதில்லை. பிடித்ததில் மூழ்கிப்போவதும் இந்தக் குறைபாட்டோடு சேர்ந்தே வரும். அதைக் காட்டி நோயில்லை என்று நிரூபிக்க முடியாது.

அமைதியான பெண்ணைக் கவனிக்காமல் விடுவது

ஏடிஎச்டி என்றாலே துறுதுறுவென்று ஓடும் பையன் கண்முன் வருகிறான். கவனக்குறைவு மட்டுமே மேலோங்கிய வகையும் உண்டு. மாணவிகளிடம் பெரும்பாலும் அதைத்தான் பார்க்கிறோம். கடைசிக்கு முந்தின பெஞ்சில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பாள். நோட்ஸ் பாதியில் நிற்கும். ஹால் டிக்கெட்டை அறையில் மறந்துவிட்டு ஓடுவாள். யாருக்கும் தொந்தரவு இல்லாததால் யாரும் கேட்பதில்லை. மூன்றாம் ஆண்டில் பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ சிகிச்சைக்குப் போனபோதுதான் அடியில் இது இருந்தது தெரிந்த மாணவிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அத்தனை வருடமும் தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டு வாழ்ந்தவர்கள்.

ஸ்டாஃப் ரூமில் நோயைத் தீர்மானிப்பது

எதிர்ப்பக்கத் தவறு இது. இணையத்தில் ஒரு கேள்விப்பட்டியலைப் பார்த்துவிட்டு "இவனுக்குக் கண்டிப்பா ஏடிஎச்டிதான்" என்று மாணவனிடமே சொல்லிவிடுவது.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டித் தராது. மனநல மருத்துவர் விரிவாகப் பேசித்தான் முடிவுக்கு வருவார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற நோய் வரையறைக் கையேட்டின்படி, அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில் தெரிய வேண்டும். அதனால்தான் அம்மாவிடம் ஆரம்பப் பள்ளிக் காலத்தைப் பற்றிக் கேட்பார்கள். தூக்கமின்மை, தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு, கஞ்சா எல்லாமே கவனத்தைக் குலைக்கும். கல்லூரிக்கு வந்தபின் முதல்முறையாகத் தொடங்கிய தடுமாற்றம் என்றால் முதலில் இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

நம் வேலை வழி காட்டுவது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. தயங்குபவர்கள் முதலில் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் பேசலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். "போய்ப் பார்" என்று அனுப்பினால் போக மாட்டார்கள். நாளும் நேரமும் பேசி முடித்து, கூட ஒரு நண்பனை அனுப்புங்கள்.

வீட்டுக்கு உடனே போன் போடுவது

அப்பாவை வரச் சொல்லி, துறைத் தலைவர் முன்னால் நிறுத்தி, இனிமேல் ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்குவது நம் கல்லூரிகளில் கை போகிற முதல் வழி. அந்தக் கடிதத்தில் இருக்கும் வாக்கைக் காப்பாற்றும் திறன்தான் அவனிடம் குறைவாக இருக்கிறது. அவன் மனதார எழுதிக் கொடுப்பான், மூன்றாவது வாரம் தவறிவிடும், அதற்கப்புறம் பொய் சொல்லத் தொடங்குவான். நம்மிடம் உண்மை சொல்கிற மாணவனைப் பொய்யனாக்கியது நாம்தான் என்று அப்போதும் புரியாது.

பதினெட்டு வயது தாண்டியவர். வீட்டில் என்ன தெரியும், என்ன சொல்லலாம் என்று முதலில் அவரையே கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் காத்திருக்காதீர்கள். மற்றபடி பெற்றோரிடம் பேசும்போது அவன் எதில் நன்றாக இருக்கிறான் என்பதை முதலில் சொல்லுங்கள். கூலி வேலையை ஒருநாள் விட்டுவிட்டு வருகிற அப்பாவுக்கும் அது தேவைப்படும்.

மாத்திரை பற்றி அபிப்பிராயம் சொல்வது

"பழக்கமாயிடும், நிறுத்திடு" என்று சொல்ல நமக்குத் தகுதி இல்லை.

மாறாக, நடைமுறையில் உதவலாம். ஏடிஎச்டிக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் நம் நாட்டில் எக்ஸ் அட்டவணை மருந்து, அதாவது கடும் கட்டுப்பாட்டோடு விற்கப்படுவது. மருந்துச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. ஹாஸ்டல் மாணவன் அதற்காக நகரத்துக்குப் போக வேண்டியிருந்தால் அவுட் பாஸ் கிடைக்கச் செய்யுங்கள். பசியும் தூக்கமும் குறையலாம். மதியம் சாப்பிடுவதில்லை என்று தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். தேர்வு நேரத்தில் நண்பர்கள் "எனக்கும் ஒண்ணு கொடுடா" என்று கேட்பதுண்டு. கொடுப்பது ஆபத்து, சட்டப்படி குற்றமும்கூட. இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

டைரி வாங்கிக் கொடுப்பது

நான்காம் நாள் அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

எல்லோர் முன்னாலும் அந்தப் பெயரைச் சொல்வது

கூடவே கூடாது.

தேர்வில் கூடுதல் நேரம் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுப்பது

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. ஏடிஎச்டி அதில் தனி வகையாக இல்லை. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது; அது ஏடிஎச்டியோடு சேர்ந்து வருவது சாதாரணம். அந்தக் குறைபாட்டுக்குச் சான்றிதழ் இருந்தால் மூன்று மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்க வழிகாட்டுதல் உண்டு. எனவே மதிப்பீட்டுக்கு அனுப்பும்போது கற்றல் குறைபாட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சான்றிதழ் வரும் முன் எதையும் உறுதியாகச் சொல்லாதீர்கள், நம்பி ஏமாந்தவனைத் திரும்பக் கொண்டு வருவது கடினம். இன்டர்னல் தேர்வு நம் கையில்தான் இருக்கிறது. ஜன்னலும் வாசலும் இல்லாத பக்கம் இடம் கொடுக்கலாம். வினாத்தாளில் எத்தனை கேள்விக்கு விடை எழுத வேண்டும் என்பதை முதலிலேயே வட்டமிடச் சொல்லலாம். பாதி நேரம் ஆனதும் மேஜை அருகே போய் மெதுவாகச் சொல்லலாம்.

வருகைப் பதிவைக் கடைசியில் சொல்வது

75 சதவீதம் என்ற விதி முதல் நாளே சொல்லப்படுகிறது. அதற்கப்புறம் பெரும்பாலும் அவன் கேள்விப்படுவது கண்டோனேஷன் (வருகைக் குறைவுக்கு விலக்குக் கேட்க வேண்டியவர்கள்) பட்டியலில்தான். அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளிக்கிழமைதோறும் அவனுக்கு ஒரே ஒரு எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: இன்னும் எத்தனை பீரியட் விடலாம். சதவீதம் வேண்டாம், மீதியைச் சொன்னால் போதும். காலை முதல் பீரியட்தான் அடிக்கடி போகிறது என்றால் இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று கேளுங்கள். இவர்களில் பலருக்குத் தூக்கமே தள்ளித்தான் வரும். அறை நண்பன் ஒருவனிடம் அவன் சம்மதத்தோடு எழுப்பும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, அந்த நண்பனையும் அவ்வப்போது விசாரியுங்கள்.