இரட்டை விண்மீன் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரட்டை விண்மீன் அளப்பது என்றால், வானில் பக்கத்தில் பக்கத்தில் தெரியும் இரண்டு விண்மீன்களின் இடைவெளியையும், ஒன்றிலிருந்து மற்றது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதையும் அளப்பது. பினாங்கில் மேகம் விலகட்டும், ஈரம் குறையட்டும் என்று காத்திருந்தால் இரட்டை விண்மீன் அளந்து முடிக்க முடியாது. அதனால்தான் நம்மில் சிலர் வெளிநாட்டு மலையில் நிற்கும் தொலைநோக்கியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, வீட்டில் உட்கார்ந்தே படம் எடுக்கிறோம். நல்ல வழிதான், ஆனால் தொலைநோக்கி நம் கண்ணெதிரே இல்லாததால் சில தவறுகள் சத்தமில்லாமல் நுழைந்துவிடும்.

முதலில், தொலைநோக்கி எங்கே நிற்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். கல்யாணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்வார்களே, அதற்குப் பக்கத்தில் இருக்கும் வசிட்டர், அதாவது மைசார், தொலைநோக்கியில் இரண்டாகப் பிரியும். இடைவெளி சுமார் 14.4 ஆர்க் வினாடி (ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் வினாடி). 1857இல் ஹார்வர்டில் படம் பிடித்து அளந்த ஜோடி என்பதால் புதிதாக வருபவர்கள் ஆசையாக இதையே கேட்கிறார்கள். பினாங்கில் அது 40 பாகை உயரம் வரை ஏறும். ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் 4 பாகைதான், அங்கே கேட்டுப் பயனில்லை. வடக்கே ஸ்பெயின் போன்ற இடத்தில் இருப்பதை எடுங்கள். எந்த ஜோடியானாலும் 30 பாகைக்குக் கீழே இறங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், காற்று அங்கே விண்மீனை வண்ணமாக இழுத்துப் பூசிவிடும்.

அடுத்தது எக்ஸ்போஷர், அதாவது ஒரு படத்துக்கு ஒளியைச் சேர்க்கும் நேரம். அதிகமான அளவுகள் கெடுவது இங்கேதான். 60 வினாடி என்று ஏற்கெனவே போட்டிருப்பதை அப்படியே விட்டு மைசாரை எடுத்தால் வெள்ளைத் திட்டு ஒன்றுதான் வரும். 16 பிட் படத்தில் ஒரு பிக்சல் 65,535 வரைதான் எண்ணும். அதைத் தொட்டுவிட்டால் விண்மீனின் உச்சி தட்டையாகிவிடும், மென்பொருள் அதன் மையத்தை ஊகிக்கத்தான் முடியும். திரையில் தெரிவதை நம்பாதீர்கள், திரை எதையும் வெளுத்துக் காட்டும். கர்சரை விண்மீன்மேல் வைத்து எண்ணைப் படியுங்கள், பிரகாசமானதன் உச்சி 30,000 பக்கம் இருந்தால் போதும். அதற்காக 0.1 வினாடிக்கு இறக்கினால் காற்றின் நடுக்கம் அப்படியே பதிவாகி ஒவ்வொரு படத்திலும் இடம் கொஞ்சம் மாறும். ஆகவே மைசாரைப் பிறகு பார்க்கலாம். 8, 9 ஒளியளவில் (எண் கூடக் கூட விண்மீன் மங்கல்), 7 ஆர்க் வினாடிக்குக் குறையாத இடைவெளி உள்ள ஜோடியில் தொடங்கி, சில வினாடி எக்ஸ்போஷரில் 15, 20 படம் எடுங்கள்.

பிக்சலில் அளந்ததை ஆர்க் வினாடியாக மாற்ற, தொலைநோக்கியின் குவியத்தூரத்தை இணையப் பக்கத்திலிருந்து எடுத்துக் கணக்குப் போடுவதும் தவறு. 2 சதவீதம் பிசகினால் 35 ஆர்க் வினாடியில் 0.7 போய்விடும். ஒவ்வொரு படத்தையும் பிளேட் சால்வ் செய்துவிடுங்கள், அதாவது படத்திலுள்ள விண்மீன்களை மென்பொருள் விண்மீன் பட்டியலோடு பொருத்திப் பார்க்கட்டும்; பின்புல விண்மீன்களே அளவுகோலையும் வடக்கையும் சொல்லிவிடும்.

அப்புறம் கோணம், அதாவது முதன்மை விண்மீனிலிருந்து (இரண்டில் பிரகாசமானது) மற்றது இருக்கும் திசை. வடக்கில் தொடங்கிக் கிழக்கு வழியாக அளக்க வேண்டும். வடக்கு மேலே இருக்கும் வான்படத்தில் கிழக்கு இடப்பக்கம்! வரைபடப் பழக்கத்தில் வலப்பக்கமாகச் சுற்றினால் மைசாரின் 153 பாகை 207 ஆகிவிடும். இரண்டும் ஒரே பிரகாசம் என்றால் எது முதன்மை என்று குழம்பி 180 பாகை தப்பும். சராசரியிலும் கவனம் வேண்டும்: 359.8, 0.2 இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 180 வரும், நேர் எதிர்த்திசை.

தேதியை உலக நேரத்தில் எழுதுங்கள். நமக்குக் காலை 6 மணி என்றால் உலக நேரத்தில் முந்தைய நாள் இரவு 10.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்வது: அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் பராமரிக்கும் வாஷிங்டன் இரட்டை விண்மீன் பட்டியலின் பழைய அளவை முன்னால் வைத்துக்கொண்டு, அதோடு ஒத்துவராத படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். மேகம், இழுபட்ட விண்மீன், குறுக்கே போன செயற்கைக்கோள் என்று படத்திலேயே காரணம் தெரிந்தால்தான் நீக்கலாம், அதையும் அளப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். எனக்கு ஒரு ஜோடியில் கோணம் 3 பாகை தள்ளியே வந்தது. படங்களைச் சந்தேகித்து நான்கு நாள் திரும்பத் திரும்ப அளந்தேன். பிறகு கையா விண்கலத்தின் தரவில் இரண்டின் சொந்த நகர்வையும் (வானில் வருடாவருடம் இடம் மாறுவதை) எடுத்துப் பார்த்தால், ஒன்று ஒரு பக்கம், மற்றது வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. பழைய அளவோ 20 வருடத்துக்கு முந்தையது. கணக்குப் போட்டேன், அந்த 20 வருடத்துக்கு 3 பாகைதான் வந்தது.