வெள்ளம் வடிந்ததும் மரக்கன்றுகளுக்கு நாம் செய்யும் கெடுதல்

வெள்ளம் வடிந்த ஆற்றங்கரையில் நட்ட கன்றுகள் இலை தொங்கி நிற்பதைப் பார்த்தால் மனசு கேட்காது. உடனே குடத்தைத் தூக்குவோம். பெரும்பாலோர் செய்யும் தவறு இதுதான்.

கன்று வாடுவது தாகத்தால் அல்ல, மூச்சுத் திணறலால். மண்ணின் இடுக்குகளில் இருந்த காற்றைத் தண்ணீர் வெளியே தள்ளிவிடுகிறது. நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. மிச்சம் இருப்பதையும் வேர்களும் நுண்ணுயிர்களும் சீக்கிரமே தீர்த்துவிடும். காற்றில்லாத வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் தண்ணீரில் நின்றுகொண்டே கன்று வாடுகிறது. அதற்கு மேலும் ஊற்றினால் என்ன ஆகும்? தெம்பு வரட்டும் என்று உரம் போடுவதும் அப்படித்தான். நொந்த வேரை உரத்தில் உள்ள உப்பு இன்னும் பொசுக்கும்.

சில கன்றுகளின் அடித்தண்டில், தண்ணீர் நின்ற மட்டத்தை ஒட்டிப் புதிதாக வேர் விட்டிருக்கும். பட்டையில் வெளிறிய பொரிகள் புடைத்திருக்கும். நோய் என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள். அந்தப் பொரிகள் மரம் மூச்சுவிடும் துளைகள், காற்றுக்காகவே பெருத்திருக்கின்றன. செத்த வேருக்கு மாற்றாகத்தான் தண்டிலிருந்து புது வேர் வருகிறது. ஆற்றோரங்களில் வளரும் வில்லோ மரம் இதில் கெட்டி. எல்லா மரத்துக்கும் இந்த வித்தை வராது. ஆற்றோரம் வைக்க மேட்டு நிலத்து மரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு வெள்ளத்தைத் திட்டிப் பயனில்லை.

வண்டலை அப்படியே விட்டுவிடுவதும் தவறு. வளமான மண்தானே என்று தோன்றும். ஆனால் நாலு விரல் கனத்துக்கு வண்டல் படிந்து இறுகினால், தண்ணீர் போன பிறகும் வேருக்குக் காற்று போகாது. தண்டைச் சுற்றிப் பழைய மண் மட்டம் தெரியும்வரை கையால் விலக்குங்கள். மண்வெட்டி வேண்டாம், மேல்வேர் அறுந்துவிடும். ஈர மண்ணை மிதித்து இறுக்கவும் கூடாது.

எத்தனை நாள் மூழ்கியது என்று மட்டும் கணக்குப் பார்ப்பதும் சரியல்ல. ஓடும் நீரைவிடத் தேங்கிய நீர் மோசம். குளிர்ந்த நீரைவிட வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவு. இலையுதிர்ந்து ஓய்வில் இருக்கும் கன்று தாங்கும் வெள்ளத்தை, துளிர்க்கும் பருவத்துக் கன்று தாங்காமல் போகலாம். உச்சிவரை மூழ்கியதா என்பது இன்னும் முக்கியம்.

அப்புறம், இலை கொட்டிவிட்டது என்று அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் கன்று உயிரோடுதான் இருக்கிறது. மேலே காய்ந்திருந்தால் கீழே இறங்கி இன்னோர் இடத்தில் கீறுங்கள். அடித்தண்டில் பச்சை தெரிந்தாலும் போதும், அடுத்த துளிர்ப் பருவம்வரை விட்டுவைக்கலாம்.