420 ஸ்டெயின்லெஸ்ல ஒட்டுக்கத்தி: பதம் போடறது படிப்படியா

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் மாங்கன்னு நர்சரில ஒட்டு கட்டறவங்க கையில இருக்கற கத்திய பாத்திருப்பீங்க, நிறைய பேர்கிட்ட லாரி ஸ்பிரிங் பட்டைய கொல்லுப்பட்டறைல அடிச்சு வாங்கினதுதான் இருக்கும். நல்லா வெட்டும், ஆனா மாம்பால் பட்டா கருத்துடும், துடைக்காம வெச்சா துரு வந்துடும். அதையே 420 ஸ்டெயின்லெஸ்ல செஞ்சா இந்த தொல்லை பெருசா குறையும். ஆனா ஒண்ணு, ஸ்பிரிங் பட்டைக்கு போடற அதே பதத்த இதுக்கு போட்டீங்கன்னா கத்தி மொக்கையாவும் இருக்கும், துருவும் பிடிக்கும். ஏன்னு புரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி, அதனால அத முதல்ல சொல்லிடறேன்.

420ல குரோமியம் 12லேர்ந்து 14 சதவீதம் இருக்கும், கார்பன் 0.15க்கு மேல. கடையில 420 ஜே1, 420 ஜே2ன்னு கேட்டா தெரியும், கத்திக்கு ஜே2 வாங்குங்க, அதுல கார்பன் 0.26லேர்ந்து 0.40 வரைக்கும் இருக்கும். பட்டையா வர்றப்ப அனீல் பண்ணி, அதாவது காய்ச்சி மெல்ல ஆற விட்டு, மென்மையா இருக்கும், அரம் நல்லா ஏறும். அந்த நிலைல கார்பனும் குரோமியத்துல ஒரு பங்கும் ஒண்ணா சேர்ந்து பொடிப் பொடி கார்பைடா உக்காந்திருக்கும். துருவ தடுக்கறது இரும்புல கரைஞ்சு கிடக்கற குரோமியம், கடினம் குடுக்கறது கரைஞ்சு கிடக்கற கார்பன், ரெண்டும் கார்பைடுக்குள்ள மாட்டிக்கிட்டா ரெண்டு வேலையும் நடக்காது. பாகு காய்ச்சறப்ப வெல்லம் கரையற மாதிரி அத சூட்டுல கரைக்கணும், அதுக்கு 1000 டிகிரிக்கு மேல வேணும். ஸ்பிரிங் பட்டைக்கு 850 பக்கம் போதும்ங்கறதால கொல்லர் கண்ணுக்கு பழகின நெருப்பு நிறம் அதுதான், அந்த சூட்டுல 420ல கார்பைடு சரியா கரையாது. கரைஞ்சத பிரிய விடாம சட்டுன்னு குளிர வெச்சா கார்பன் உள்ளயே சிக்கி கடினமாகும், அந்த அமைப்புக்குதான் மார்டென்சைட்னு பேரு.

இங்கிலாந்துல ஷெஃபீல்டுல ஹாரி பிரியர்லி 1913ல உருக்கின ஸ்டீல் கூட இந்த குடும்பம்தான், குரோமியம் 12.8, கார்பன் 0.24. அங்க ஆரம்பத்துல கத்தி செஞ்சவங்களும் பழைய கார்பன் ஸ்டீல் பழக்கத்துலயே வேலை பாத்து சரியா வராம தடுமாறினாங்க.

முதல் வேலை, கையில இருக்கறது 420தானான்னு பாக்கறது. காந்தம் ஒட்டலன்னா அது 304, 202 மாதிரி பாத்திர ஸ்டீல், எவ்ளோ சூடு பண்ணினாலும் பதம் ஏறாது, விட்டுடுங்க. ஒட்டினா உடனே 420ன்னு முடிவு பண்ணாதீங்க, 430ம் ஒட்டும், அது கடினமாகாத ரகம். ஸ்கிராப் கடையில வாங்கினதுன்னா ஒரு சின்ன துண்ட வெட்டி நல்ல ஆரஞ்சு நிறம் வர்ற வரைக்கும் காய்ச்சி எண்ணெய்ல முக்கி, ஆறினதும் அரம் போட்டு பாருங்க. அரம் வழுக்கினா 420 மாதிரி ஸ்டீல், கடிச்சா 430. பில்லோட புது பட்டை வாங்கறதுதான் நிம்மதி.

அடுத்தது வெட்டி வடிவம் கொண்டு வர்றது. 3 மி.மீ பட்டை போதும். கைப்பிடி ரிவெட் ஓட்டை எல்லாம் இப்பவே போட்டுடுங்க, பதம் போட்டப்புறம் சாதாரண டிரில் பிட் ஏறாது. வாய்ப்பகுதிய இப்பவே கூரா தீட்டக்கூடாது, அரை மி.மீ கனம் விடணும், இல்லன்னா சூட்டுல வளையும், வெடிக்கும். ஆழமான கிரைண்டர் கோடுகள எமரி பேப்பர் போட்டு எடுத்துடுங்க, விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும்.

சூடு ஏத்தறதுக்கு கரி உலை எனக்கு சரிப்படல, டிகிரி தெரியாம இந்த ஸ்டீல்ல வேலை பாக்கறது வீண். டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வெச்ச மஃபிள் ஃபர்னஸ் (நெருப்பு நேரா படாத மூடின உலை) இருந்தா பண்ணுங்க, இல்லன்னா ஓசூர்ல ஜாப் ஒர்க்கா ஹீட் ட்ரீட்மென்ட் பண்றவங்ககிட்ட நாலஞ்சு கத்திய சேர்த்து குடுங்க, கிரேடையும் எந்த கடினம் வேணும்னும் எழுதி குடுங்க. நீங்களே பண்றதுன்னா ஸ்டெயின்லெஸ் ஃபாயில்ல காத்து புகாம சுத்துங்க, இல்லன்னா மேல்தோல்ல கார்பன் எரிஞ்சு போய் செதில் கட்டும். முதல்ல 760லேர்ந்து 790 டிகிரில கொஞ்ச நேரம் நிறுத்துங்க, இந்த ஸ்டீல் சாதா இரும்பு மாதிரி வேகமா சூட்ட கடத்தாது, ஓரமும் நடுவும் ஒண்ணா வரணும். அப்புறம் 1010லேர்ந்து 1040க்குள்ள ஏத்தி, கத்தி முழுக்க அந்த சூட்டுக்கு வந்தப்புறம் பத்து பதினஞ்சு நிமிஷம் விடுங்க. இன்னும் ஏத்தினா இன்னும் கடினமாகும்னு நெனைக்காதீங்க, ஸ்டீலுக்கு உள்ள இருக்கற படிக மணி பெருசாகி நொறுங்கற குணம் வந்துடும்.

குளிர வைக்கறதுக்கு தண்ணி வேண்டவே வேண்டாம், விரிசல் விடும். மிதமா சூடு பண்ணின குவென்ச் ஆயில் போதும், 3 மி.மீ கனத்துக்கு ஃபாயிலோடவே ரெண்டு கனமான அலுமினிய பிளேட்டுக்கு நடுவுல அமுக்கினா கூட பதம் ஏறும், வளையவும் வளையாது. எண்ணெய் வெச்சா இரும்பு டப்பா, மூடி, பக்கத்துல மணல், கையில லெதர் கிளவுஸ், இது இல்லாம ஆரம்பிக்காதீங்க.

இப்ப கத்தி கண்ணாடி மாதிரி நொறுங்கும், கீழ போடாதீங்க. கை பொறுக்கற சூட்டுக்கு ஆறினதும் அன்னிக்கே டெம்பர் பண்ணணும், அதாவது நொறுங்கற குணம் போக மறுபடி மிதமா சூடு பண்ணணும், தள்ளிப் போட்டா தானாவே விரிசல் விடலாம். 180லேர்ந்து 200 டிகிரில ரெண்டு மணி நேரம், ஆற விட்டு இன்னொரு ரெண்டு மணி நேரம். வீட்டு ஓடிஜி அவனே போதும், ஆனா அதோட திருகுல இருக்கற நம்பர நம்பாம உள்ள ஒரு அவன் தெர்மாமீட்டர் வைங்க. கடினத்த அளக்கற ராக்வெல் சி அளவுல 50 பக்கம் நிக்கும், ஒட்டுக்கத்திக்கு அருமையான கடினம். 425லேர்ந்து 600 வரைக்கும் உள்ள சூட்ட தொடவே கூடாது, கரைச்சு வெச்ச குரோமியம் மறுபடி கார்பைடா பிரிஞ்சு துரு தாங்கற சக்தியும் போகும், உறுதியும் போகும். கொல்லுப்பட்டறைல நீல நிறம் பாத்து டெம்பர் பண்ற பழக்கம் இங்கதான் கவுத்துடும், சாதா இரும்புல நீலம் 300 பக்கம் வரும், ஸ்டெயின்லெஸ்ல அதவிட ரொம்ப மேல.

கடைசியா சாணை. தண்ணில முக்கி முக்கி பிடிங்க, ஓரம் நிறம் மாறினா அந்த இடத்துல பதம் போச்சுன்னு அர்த்தம். ஒட்டு கட்டற கத்திக்கு ஒரு பக்கம் மட்டும் சரிவு வெச்சா வெட்டு தட்டையா வரும், குச்சி நல்லா பொருந்தும். நல்லா பாலிஷ் பண்ணுங்க, வழவழன்னு இருக்கற தோல்ல துரு சீக்கிரம் பிடிக்காது. சாதா இரும்பு கம்பி பிரஷ் போட்டு தேய்க்காதீங்க, அந்த இரும்புத்தூள் ஒட்டி துருப்பிடிக்கும். ஏற்கனவே ஒட்டின தூள் போறதுக்கு சோப்பு போட்டு கழுவி, 100 மில்லி தண்ணிக்கு 5 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து அரை மணி ஊற வெச்சு நல்ல தண்ணில அலசி துடைச்சிடுங்க.

இதே ஸ்டீல்தான் கத்தரிக்கோல், ஆபரேஷன் கருவிகள், வால்வு பாகம், ஷாஃப்ட், பிளாஸ்டிக் மோல்டு எல்லாத்துக்கும் போகுது. ஆனா 304 அளவுக்கு துரு தாங்காது. மாவடு, ஊறுகாய்னு உப்புத்தண்ணில கிடக்கற வேலைக்கும், பிளீச்சிங் பவுடர் படற இடத்துக்கும் வேண்டாம், புள்ளிப் புள்ளியா அரிச்சிடும். வெல்டிங்கும் இதுக்கு ஒத்து வராது, வெச்ச இடத்துக்கு பக்கத்துலயே விரிசல் விடும், கைப்பிடிய ரிவெட் அடிச்சே மாட்டுங்க.